டோனி பென்: வாசலில் நிறுத்தப்பட்ட எம்.பி. – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் தொழிற்கட்சி பற்றி எங்கே பேச்சு வந்தாலும் டோனி பென் பெயர் வந்துவிடும். கூடவே கேள்விகளும் வரும். பிரபு பட்டம் வேண்டாம் என்று ஒருவர் ஏன் மூன்று வருடம் சண்டை போட வேண்டும்? ஜெயித்தவரை எப்படி வெளியே நிறுத்தினார்கள்? ஸ்டாம்பில் இருந்து ராணியை எடுக்கப் பார்த்தாராமே? பதில்கள் கீழே. சிலதற்கு நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

டோனி பென் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தொழிற்கட்சியின் இடதுசாரி முகம். 1925 ஏப்ரல் 3 அன்று லண்டனில் பிறந்தார். 2014 மார்ச் 14 அன்று அங்கேயே காலமானார். 1950 நவம்பரில், 25 வயதில், பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில் ஜெயித்து காமன்ஸ் சபைக்குள் போனார். நடுவில் இரண்டு இடைவெளி. அதைத் தவிர்த்தால் 2001 வரை அங்கேதான். ஹரால்ட் வில்சன், ஜேம்ஸ் கலஹன் இருவர் ஆட்சியிலும் அமைச்சர். கட்சித் தலைவர் பதவிக்கு இரண்டு தடவை, துணைத் தலைவர் பதவிக்கு இரண்டு தடவை நின்றார். நாலிலும் தோல்வி.

அந்த இரண்டு இடைவெளியில்தான் கதையே இருக்கிறது.

அரசியல் குடும்பமா?

முழுக்க முழுக்க. இரண்டு தாத்தாக்களும் எம்.பி. அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென் முதலில் லிபரல் எம்.பி., பிறகு தொழிற்கட்சி எம்.பி. 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தவரும் அவர்தான். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ளினாரே, அப்போது லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் டோனி பென்னின் அப்பா. அடுத்த வருடம் வட்டமேசை மாநாட்டுக்கு காந்தி லண்டன் வந்தபோது ஆறு வயதுப் பையன் டோனி அவரைச் சந்தித்திருக்கிறான். காந்தியைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சியில் இருந்தவரின் பிள்ளை என்பதைப் பெரியவரான பிறகும் அவர் மறைக்கவில்லை.

அம்மா மார்கரெட் இறையியல் படித்தவர். பெண்களும் பாதிரியார் ஆக வேண்டும் என்று குரல் கொடுத்தவர். அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பழக்கம் பையனுக்கு அம்மா வழியாக வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்பாவுக்குப் பிரபு பட்டம் கிடைத்ததில் மகனுக்கு என்ன பிரச்சினை?

பிரிட்டனில் சபை இரண்டு. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது காமன்ஸ் சபை. பிரபுக்கள் சபைக்குத் தேர்தல் இல்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலும் பட்டம் உள்ள குடும்பத்தின் மூத்த ஆண் வாரிசு, அப்பா கண் மூடியதும் அங்கே போய் உட்காருவார். ஒரே ஆள் இரண்டிலும் இருக்க முடியாது.

இரண்டாம் உலகப்போர் நடுவில் பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்கு ஆள் குறைவாக இருந்தது. அதனால் 1942இல் வில்லியம் பென்னுக்கு வைகவுன்ட் ஸ்டான்ஸ்கேட் என்று பட்டம் கொடுத்தார்கள். ஆயுள்வரை மட்டுமே செல்லும் பட்டம் என்ற ஏற்பாடு 1958இல்தான் வந்தது. அதற்கு முன் பட்டம் என்றால் பரம்பரைக்கும் சேர்த்துத்தான்.

அப்பா இதை யோசிக்காமல் ஏற்கவில்லை. மூத்த மகன் மைக்கேல் பாதிரியார் ஆக விரும்பியவர். பட்டத்தால் அவர் பிழைப்புக்கு ஒரு கெடுதலும் வராது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 1944 ஜூனில் விமானப்படையில் இருந்த மைக்கேல் இறந்துபோனார். அண்ணனுக்கு வர வேண்டியது தம்பியின் தலையில் விழுந்தது. எம்.பி. ஆன நாளிலிருந்தே டோனிக்குத் தெரியும்: அப்பா சாகிற நிமிடம் தன் பதவியும் போய்விடும். அப்பா நூறு வயது இருக்க வேண்டும் என்று இவரைவிட அதிகமாக வேண்டிக்கொண்ட எம்.பி. யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

‘பட்டம் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதாதா?

போதாது. எழுதியும் கொடுத்துப் பார்த்தார். 1955இலேயே, அப்பா உயிரோடு இருக்கும்போதே, தனக்கு மட்டும் விலக்கு தரும் ஒரு தனிச் சட்ட மசோதாவுக்கு முயன்றார், நடக்கவில்லை. பட்டம் ரத்தத்தோடு வருவது, துறக்க முடியாது என்பதுதான் சட்டத்தின் நிலை. சொத்து வேண்டாம் என்று சொல்லலாம், பட்டம் வேண்டாம் என்று சொல்ல வழி இல்லை.

1960 நவம்பர் 17 அன்று அப்பா இறந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கிளம்பும் முன்பே மகன் எம்.பி. இல்லை என்றாகிவிட்டது. காமன்ஸ் சபையின் குழு விசாரித்து, இடம் காலி என்று முடிவு சொன்னது. இடைத்தேர்தல் அறிவித்தார்கள்.

1961 இடைத்தேர்தலில் அப்படி என்ன நடந்தது?

காலியான இடத்துக்கு, அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லப்பட்டவரே மறுபடி நின்றார். சட்டப்படி ஜெயித்தாலும் உள்ளே போக முடியாது என்று தெரிந்தே நின்றார். தெரிந்தேதான் மக்களும் ஓட்டுப் போட்டார்கள். போட்டிக் கட்சியான கன்சர்வேடிவ் கட்சியில்கூட ஆதரவு இருந்தது: இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம் என்று எழுதியவர்களில் வின்ஸ்டன் சர்ச்சிலும் ஒருவர். அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்துத் தொகுதியில் கொடுத்தார் பென்.

மே 4 அன்று ஓட்டு எண்ணினார்கள். பென் 23,275. கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேர் 10,231. இரண்டு மடங்குக்கும் மேல்.

நாலு நாள் கழித்து, வெற்றிச் சான்றிதழுடன் காமன்ஸ் வாசலுக்கு வந்தார். வாசல் காவலர் வழி விடவில்லை. மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் விடவில்லை. அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: பதிமூன்றாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வந்தவர் வெளியே நிற்கிறார். அவரைத் தடுப்பது ராஜாவோ ராணியோ இல்லை, அவருடைய சொந்த அப்பாவின் பட்டம்.

வழக்கு தேர்தல் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே பென் தானே வாதாடினார். ஜூலையில் தீர்ப்பு: பென் தகுதி இழந்தவர், அது தெரிந்தே போட்ட ஓட்டு வீண், ஆகவே இரண்டாவதாக வந்தவரே எம்.பி. தோற்ற செயின்ட் கிளேர் உள்ளே போனார். இதில் ஒரு வேடிக்கை. அந்த செயின்ட் கிளேரும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு வாரிசாக இருந்தவர்தான்! அந்தப் பட்டத்தை வைத்திருந்தவர் அதுவரை சாகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு எப்படி உள்ளே போனார்?

மக்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். அரசுக்கு வெட்கமாகிவிட்டது. 1963 ஜூலை 31 மாலை பிரபுப் பட்டச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. விரும்பினால் வாழ்நாளுக்கு மட்டும் பட்டத்தைத் துறக்கலாம் என்றது அது. அன்றே மாலை 6.22க்கு பென் துறப்புப் பத்திரத்தைக் கொடுத்தார். அந்தச் சட்டத்தைப் பயன்படுத்திய முதல் ஆள் அவர். நேரத்தை நிமிடக் கணக்கில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்றாலே எவ்வளவு அவசரம் என்று புரியும்.

செயின்ட் கிளேர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சட்டம் மாறினால் இடத்தை விடுகிறேன் என்று சொல்லியிருந்தார், விட்டார். ஆகஸ்ட் 20 இடைத்தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி ஆளே நிறுத்தவில்லை. பென் மறுபடி எம்.பி.

பிரிட்டனில் எம்.பி. ராஜினாமா செய்யவே முடியாது என்கிறார்களே, செயின்ட் கிளேர் எப்படி விலகினார்?

நல்ல கேள்வி. உண்மைதான், முடியாது. 1624இல் போட்ட தீர்மானம் இன்னும் நிற்கிறது. அதனால் சுற்று வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். அரசரிடம் சம்பளப் பதவி வாங்கியவர் எம்.பி.யாக இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே விலக விரும்புகிறவர் ஒரு பெயரளவுப் பதவியைக் கேட்டு வாங்கிக்கொள்வார்: ஒன்று சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ், இன்னொன்று நார்த்ஸ்டெட் பண்ணை. வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. பதவி கிடைத்த நொடியில் எம்.பி. பதவி போகும். செயின்ட் கிளேர் வாங்கியது நார்த்ஸ்டெட்.

நம்மூரில் சபாநாயகர் ராஜினாமாக் கடிதத்தை ஏற்றாரா, ஏற்கவில்லையா என்று மாதக்கணக்கில் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பழைய பண்ணை ஏற்பாடு எவ்வளவோ மேல் என்று தோன்றலாம்.

இந்தச் சட்டத்தால் லாபம் அடைந்தது யார்?

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பென் மூன்று வருடம் போராடி வாங்கிய வழியில், மூன்றே மாதத்தில் கன்சர்வேடிவ் கட்சிக்கு ஒரு பிரதமர் வந்தார். 1963 அக்டோபரில் பிரதமர் மெக்மில்லன் உடல்நலம் காரணமாக விலகினார். அடுத்து வந்தவர் பிரபுக்கள் சபையில் இருந்த ஹோம் பிரபு. அக்டோபர் 19 அன்று பிரதமர் ஆனார், 23 அன்று பட்டத்தைத் துறந்தார், நவம்பர் 7 அன்று ஒரு ஸ்காட்லாந்து இடைத்தேர்தலில் ஜெயித்தார். நடுவில் இரண்டு வாரம் பிரிட்டனின் பிரதமர் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. பென் இல்லாவிட்டால் அலெக் டக்ளஸ்-ஹோம் பிரதமர் ஆகியிருக்க முடியாது.

இது ஒரு தடவை நடந்தது இல்லை. இந்த மனிதர் தள்ளித் திறந்த கதவு வழியாக முதலில் நுழைந்தது வேறு யாரோதான். கீழே இன்னும் இரண்டு மூன்று இடத்தில் இதையே பார்ப்பீர்கள்.

பிரிஸ்டல் பேருந்து விவகாரத்தில் இவர் பங்கு என்ன?

1963 ஏப்ரல் கடைசியில் பிரிஸ்டலில் ஒரு பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்தவர்களை ஓட்டுநராகவோ நடத்துநராகவோ வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று அந்த ஊர்ப் பேருந்து நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. தொழிற்சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் அதற்கு உடந்தை. பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் முன்னால் நின்று மக்களைத் திரட்டினார்.

அந்த நேரத்தில் பென் எம்.பி. இல்லை, வாசலுக்கு வெளியே நிற்கும் முன்னாள் எம்.பி. ஆனாலும் பேருந்தில் ஏற மாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார், வில்சனிடமும் விஷயத்தைக் கொண்டு போனார். ஆகஸ்ட் 28 அன்று நிறுவனம் இறங்கி வந்தது. செப்டம்பரில் வெள்ளையர் அல்லாத முதல் நடத்துநராகச் சேர்ந்தவர் ஒரு சீக்கியர். போராடி வென்றவர்கள் ஸ்டீபன்சனும் அந்த ஊர் மக்களும்தான், பென் பக்கத்துணை. ஆனால் தன் கட்சியின் தொழிற்சங்கத்தையே எதிர்த்து நின்ற பக்கத்துணை.

ஸ்டாம்பில் இருந்து ராணி தலையை எடுக்கப் பார்த்தாரா?

பார்த்தார். 1964இல் வில்சன் ஆட்சிக்கு வந்ததும் பென் தபால்துறை அமைச்சர் ஆனார். டேவிட் ஜென்டில்மேன் என்ற வடிவமைப்பாளர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: நல்ல ஸ்டாம்ப் வரைய முடியவில்லை, ராணியின் தலை பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது. முடியாட்சியே வேண்டாம் என்று நினைக்கும் அமைச்சருக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் கேட்க வேண்டுமா!

1965 மார்ச் 10 அன்று அரண்மனைக்குப் போனார். கையில் தலை இல்லாத மாதிரி ஸ்டாம்ப்கள். பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, தரையில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாகக் கம்பளத்தில் பரப்பிக் காட்டினார். ராணி புன்னகையோடு பார்த்தார், எதிர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. பென் காரியம் முடிந்தது என்று துள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கொஞ்ச நாளில் வேறு பக்கமாக, வில்சன் வழியாக, சேதி வந்தது: தலை இருக்கட்டும்.

சமரசம் என்னவென்றால், சிறப்பு ஸ்டாம்ப்களில் ராணியின் பெரிய படத்துக்குப் பதிலாக மூலையில் சின்னப் பக்கவாட்டு நிழலுருவம். அதையும் வரைந்து கொடுத்தவர் அதே ஜென்டில்மேன். ஸ்டாம்பில் நாட்டின் பெயரே போடாத ஒரே நாடு பிரிட்டன். ஆட்சியில் இருப்பவரின் தலைதான் பெயர். தலையை எடுத்திருந்தால் பெயரைப் போட வேண்டி வந்திருக்கும். தோற்றாலும் ஸ்டாம்ப் சேகரிப்பவர்களுக்கு இவரால் நல்லதுதான் நடந்தது: அதற்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் ஸ்டாம்ப்கள் பார்க்க அழகு.

கான்கார்டு விமானத்தின் பெயரில் ஒரு எழுத்துக்காகச் சண்டை போட்டாராமே?

பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து செய்த அந்த விமானத்தின் பெயர் பிரெஞ்சில் ‘இ’ என்ற எழுத்தில் முடியும், ஆங்கிலத்தில் முடியாது. மெக்மில்லன் காலத்து மனக்கசப்பில் பிரிட்டன் அந்தக் கடைசி எழுத்தை விட்டுவிட்டது. பென் 1966இல் தொழில்நுட்ப அமைச்சர் ஆனார். 1967 டிசம்பரில் துலூஸ் நகரில் விமானம் முதன்முதலாக வெளியே உருண்டு வந்தபோது, இனி பிரிட்டனிலும் ‘இ’ உண்டு என்று அறிவித்தார். இங்கிலாந்துக்கு ‘இ’, ஐரோப்பாவுக்கு ‘இ’ என்று விளக்கமும் கொடுத்தார். ஆங்கிலத்தில் இரண்டும் அதே எழுத்தில்தான் தொடங்கும்.

ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்குக் கோபம். மூக்குப் பகுதி செய்வது எங்கள் ஊரில், இங்கிலாந்துக்கு ‘இ’ என்றால் எப்படி என்று எழுதினார். ஸ்காட்லாந்துக்கு பிரெஞ்சில் ‘எகாஸ்’ என்று பெயர், அதற்கும் முதல் எழுத்து அதுதானே என்று பதில் போட்டார் பென். ஏறிக்கொண்டே போன செலவுக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்தில் தொடங்கும் சொல் உண்டு என்று பின்னாளில் அவரே கிண்டல் செய்துகொண்டார்.

செலவைப் பற்றி எத்தனையோ பேர் கேட்டும் அவர் திட்டத்தைக் கைவிடவில்லை. காரணம் கொள்கை மட்டும் இல்லை. பிரிட்டிஷ் கான்கார்டைக் கட்டிய ஃபில்டன் தொழிற்சாலை பிரிஸ்டலில் இருந்தது, தொழிலாளர்களில் நிறையப் பேர் அவர் தொகுதி ஓட்டுக்காரர்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை, எம்.பி.யின் வேலையே அதுதான்.

‘வெட்ஜ்வுட்’ எங்கே போனது?

ஆன்டனி நீல் வெட்ஜ்வுட் பென் என்பது முழுப் பெயர். 1970களின் தொடக்கத்தில், வெறும் டோனி பென் என்று அழையுங்கள் என்று சொல்லிவிட்டார். தொழிலாளர் கூட்டத்தில் வெட்ஜ்வுட் என்ற பெயர் எடுபடாது என்று எதிரிகள் கேலி செய்தார்கள். கேலியில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

1974–79 அமைச்சராக என்ன செய்தார்?

முதலில் தொழில்துறை. மூடப்போகும் ஆலையைத் தொழிலாளர்களே எடுத்து நடத்தட்டும் என்று அரசுக் கடன் வாங்கிக் கொடுத்தார். அதில் பெயர் போனது கோவென்ட்ரி பக்கம் மெரிடனில் இருந்த ட்ரையம்ப் மோட்டார் சைக்கிள் ஆலை. தொழிலாளர்கள் ஆலையை ஆக்கிரமித்து, 1975இல் கூட்டுறவாக மாற்றி, 1983 வரை ஓட்டினார்கள். கடனும் ஜப்பான் வண்டிகளும் சேர்ந்து முடித்துவிட்டன. இன்று நம் சாலைகளில் ஓடும் ட்ரையம்ப் வேறு முதலாளி, வேறு ஆலை.

அப்புறம் ஐரோப்பா. பொதுச் சந்தையில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) இருப்பதா வேண்டாமா என்று மக்களிடமே கேட்க வேண்டும் என்று 1970இலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் பென். அப்போது கட்சியில் யாரும் காதில் வாங்கவில்லை. கலஹன் மட்டும், இது சின்ன ரப்பர் படகு, ஒரு நாள் கட்சி முழுக்க இதில் ஏற வேண்டி வரலாம் என்றார். அதுதான் நடந்தது. கட்சி இரண்டாகப் பிளக்கும் நிலை வந்ததும் வில்சன் அந்தப் படகில் ஏறினார். 1975 ஜூன் 5 பொது வாக்கெடுப்பில் பென் ‘வேண்டாம்’ பக்கம். 67 விழுக்காடு ‘இருக்கட்டும்’ என்றது. அவர் கேட்டு வாங்கிய வாக்கெடுப்பில் அவரே தோற்றார். ஒரு வாரத்துக்குள் வில்சன் அவரை எரிசக்தித் துறைக்கு மாற்றினார். 2016இல் அதே மாதிரி வாக்கெடுப்பில் வெளியே போவது என்று பிரிட்டன் முடிவு செய்தபோது பென் உயிரோடு இல்லை.

எரிசக்தித் துறைக்கு வந்த சில நாளில், 1975 ஜூன் 18 அன்று, வட கடல் எண்ணெய் முதல் தடவையாகக் கரை சேர்ந்தது. வால்வைத் திருகித் திறந்தவர் பென். அணுமின்சாரம் பற்றி அந்த நாற்காலியில்தான் மனம் மாறினார். தொழில்நுட்ப அமைச்சராக ஆதரித்ததைப் பிற்பாடு கடைசிவரை எதிர்த்தார்.

1981இல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகத் தோற்றாரே, அது என்ன கதை?

அதுவரை தொழிற்கட்சித் தலைவர்களை எம்.பி.க்கள் மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். 1981 ஜனவரியில் அது மாறியது: தொழிற்சங்கங்களுக்கு 40 விழுக்காடு, எம்.பி.க்களுக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30. பென் அணியின் நீண்ட நாள் கோரிக்கை இது. இதைச் சகிக்காமல் நாலு முக்கியத் தலைவர்கள் வெளியேறி வேறு கட்சி தொடங்கினார்கள்.

ஏப்ரல் 2, விடிகாலை மூன்றரை மணி. காமன்ஸ் சபை இரவு முழுக்க நடந்துகொண்டிருந்தது. துணைத் தலைவர் பதவிக்கு, அதில் இருந்த டெனிஸ் ஹீலியை எதிர்த்து நிற்கிறேன் என்று அந்த நேரத்தில் அறிவித்தார் பென். வேண்டாம் என்று தலைவர் மைக்கேல் ஃபுட் சொல்லியும் கேட்கவில்லை. ஆறு மாதம் ஊர் ஊராகப் பிரசாரம். நடுவில் கால்கள் உணர்விழக்க, கில்லன்-பாரே நோய் என்று சொல்லி மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள்.

செப்டம்பர் 27, பிரைட்டன் மாநாடு. ஹீலி 50.426, பென் 49.574. நீல் கின்னக்கும் இன்னும் சில இடதுசாரி எம்.பி.க்களும் இரண்டாவது சுற்றில் யாருக்கும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியதில்தான் கணக்கு மாறியது. பென் ஆதரவாளர்கள் அதை மறக்கவே இல்லை. என் கருத்தைக் கேட்டால், அந்தப் போட்டியே வேண்டாத வேலை. தாட்சர் ஆட்சி தடுமாறிக்கொண்டிருந்த வருடத்தில் எதிர்க்கட்சி ஆறு மாதம் தனக்குள் அடித்துக்கொண்டது. ஜெயித்திருந்தாலும் கிடைத்திருக்கும் பதவிக்கு அதிகாரம் கிடையாது.

1983இல் ஏன் தோற்றார்?

தொகுதி மறுவரையறையில் பிரிஸ்டல் தென்கிழக்கு காணாமல் போனது. பாதுகாப்பான பிரிஸ்டல் தெற்கில் கட்சி வேட்பாளர் தேர்வு இன்னொருவருக்குப் போனது. வேறு ஊருக்குப் போகலாம் என்று சொன்னார்கள். பிரிஸ்டலை விட்டுப் போக மாட்டேன் என்று பிரிஸ்டல் கிழக்கில் நின்று தோற்றார்.

அந்தத் தேர்தலில் கட்சி படுதோல்வி அடைந்ததும் ஃபுட் விலகினார், தலைவர் பதவி காலி. எம்.பி. மட்டுமே நிற்கலாம். எம்.பி. பதவிக்காக அத்தனை போராடிய மனிதர், அது மிகவும் தேவைப்பட்ட மாதத்தில் மறுபடி வாசலுக்கு வெளியே. கின்னக் தலைவர் ஆனார். 1984 மார்ச் 1 அன்று நிலக்கரி ஊரான செஸ்டர்ஃபீல்டில் இடைத்தேர்தலில் பென் ஜெயித்துத் திரும்பினார். எதிர்த்து நின்றவர்களில் ‘ஸ்க்ரீமிங் லார்ட் சட்ச்’ என்ற கோமாளி வேட்பாளரும் உண்டு. பட்டத்தைத் துறந்தவரும், பட்டமே இல்லாமல் தன்னைப் பிரபு என்று சொல்லிக்கொண்டவரும் ஒரே ஓட்டுச் சீட்டில். சில நாளிலேயே சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்தது. அந்த ஒரு வருடமும் பென் மறியல் வாசல்களிலேயே இருந்தார்.

1988இல் கின்னக்கை எதிர்த்து நின்று வாங்கியது 11.4 விழுக்காடு. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிரதமர் ஆகியிருப்பாரா?

எனக்கு நம்பிக்கை இல்லை. 1976இல் வில்சன் விலகியபோது போட்டியிட்டு முதல் சுற்றில் 37 எம்.பி.க்கள் ஓட்டுத்தான் வாங்கினார், நாலாவது இடம். கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சு அவருக்கு இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரரைத் தன் பக்கம் இழுக்கும் சாமர்த்தியம் இல்லை.

சதாம் உசேனை ஏன் சந்தித்தார்?

இரண்டு தடவை சந்தித்தார். 1990இல் பிணைக் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ்காரர்களை விடுவிக்கக் கேட்டு. 2003 பிப்ரவரியில், போர் வருவதற்கு முன், தொலைக்காட்சிப் பேட்டிக்காக. இரண்டாவது பேட்டியில் கேள்விகள் ரொம்ப மென்மை என்று கண்டனம் வந்தது, அது நியாயமான கண்டனம்தான். அந்த மாதமே லண்டனில் நடந்த பிரம்மாண்டமான போர் எதிர்ப்புப் பேரணியில் பேசினார்.

‘அரசியலுக்கு அதிக நேரம் ஒதுக்க’ விலகினேன் என்றது இவரா?

ஆமாம், 2001இல். குடும்பத்துக்கு நேரம் ஒதுக்க விலகுகிறேன் என்று சொல்வதுதான் வழக்கம். அதைத் திருப்பிப் போட்டார். அந்த வரி மனைவி கேரலைனுடையது என்பார். கேரலைன் அமெரிக்கர். ஆக்ஸ்ஃபோர்டில் சந்தித்து ஒன்பதாவது நாள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கல்யாணத்துக்குக் கேட்டார் பென். பின்னாளில் நகராட்சியிடம் அந்த பெஞ்சையே விலைக்கு வாங்கி லண்டன் வீட்டுத் தோட்டத்தில் போட்டார். விலகுவதற்கு முந்தைய வருடம் கேரலைன் காலமாகிவிட்டார்.

விடைபெறும்போது, அதிகாரத்தில் உள்ள எவரிடமும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைச் சபையில் சொன்னார்: உங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, அது எங்கிருந்து கிடைத்தது, யாருக்காகப் பயன்படுத்துகிறீர்கள், யாருக்குப் பதில் சொல்வீர்கள், உங்களை எப்படி நீக்குவது? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத இடத்தில் ஜனநாயகம் இல்லை என்பது அவர் வாதம். அதைத் தன் அனுபவத்தில் படித்தவர்.

பழக்கவழக்கங்கள்?

தேநீர். பெரிய குவளையில், நாள் முழுக்க. கையில் பைப். மது தொட மாட்டார்; நடுவயதில் சைவத்துக்கு மாறினார். பேட்டி எடுக்க வருபவர் டேப் ரெக்கார்டரை வைத்தால் பக்கத்தில் தன்னுடையதையும் வைப்பார், வெட்டி ஒட்டி மாற்றிவிடக் கூடாது என்று. தினமும் இரவு நாட்குறிப்பை டேப்பில் பேசிப் பதிவு செய்வார். அவை பல தொகுதிகளாக வெளிவந்திருக்கின்றன. அமைச்சரவைக்குள் என்ன பேசினார்கள் என்பதற்கு இவ்வளவு நெருக்கமான சாட்சி வேறு கிடைப்பது கஷ்டம். எல்லாம் ஒருவர் கண்ணில் பட்டது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

பிள்ளைகள் அரசியலில் இருக்கிறார்களா?

இரண்டாவது மகன் ஹிலரி பென் 1999இலிருந்து எம்.பி.; பலமுறை அமைச்சர். அப்பாவைவிட மிதவாதி. மகள் மெலிசா எழுத்தாளர். மூத்த மகன் ஸ்டீபன்தான் சுவாரசியம். துறப்பு பென்னின் ஆயுளுக்கு மட்டும்தான் செல்லும், ஆகவே 2014இல் பட்டம் ஸ்டீபனுக்கு வந்தது. 1999க்குப் பிறகு பிரபுக்கள் சபையில் பரம்பரைக்காரர்களுக்கு 92 இடம் மட்டுமே இருந்தது, காலியானால் அப்போது இடைத்தேர்தல் வைப்பார்கள். 2021இல் ஸ்டீபன் போட்டியின்றித் தேர்வாகி வைகவுன்ட் ஸ்டான்ஸ்கேட்டாக உள்ளே போனார், தொழிற்கட்சி உறுப்பினராக. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நாடாளுமன்றத்தில் இவர் நினைவாக ஏதாவது இருக்கிறதா?

அவர் வைத்துவிட்டுப் போன ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றக் கட்டடத்தில் புனித ஸ்டீபன் மண்டபத்துக்குக் கீழே புனித மரியாள் நிலவறைத் தேவாலயம். அதன் ஓரத்தில் துடைப்பமும் வாளியும் வைக்கும் ஓர் அறை. 1911 ஏப்ரல் 2, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவு. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன் அந்த அறையில் ஒளிந்துகொண்டார். கணக்கெடுப்பில் தன் முகவரி ‘காமன்ஸ் சபை’ என்று எழுதலாம் அல்லவா! பெண்கள் உள்ளே உட்கார முடியாத காலம் அது. இரண்டு வருடம் கழித்து எப்சம் குதிரைப் பந்தயத்தில் அரசரின் குதிரை மோதி இறந்தார்.

அவருக்கு அங்கே ஒரு சின்னம்கூட இல்லை. 1991இல் பென் தானே ஒரு தகடு செய்து கொண்டுவந்து, அந்தத் துடைப்ப அறையில் திருகாணி போட்டு மாட்டினார். முறைப்படி அனுமதி, குழு, தீர்மானம் என்று அலையவில்லை. தகடு இன்னும் இருக்கிறது.

2014 மார்ச் 26 இரவு, இறுதிச் சடங்குக்கு முந்தைய இரவு, பென்னின் உடலை அந்த நிலவறைத் தேவாலயத்தில்தான் வைத்திருந்தார்கள்.